வானூர் வட்டாரத்தில் பயிர்ச்சேத நிவாரணம்

விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரி எல்லையை ஒட்டி அமைந்தது வானூர் வட்டம். வடகிழக்கே கழுவெளி ஏரியும் மரக்காணம் உப்பளங்களும் உள்ளன. நெல், மணிலா (இவ்வட்டாரப் பேச்சில் மல்லாட்டை), உளுந்து, முந்திரி முதலியன இங்கு விளைகின்றன. 2011 டிசம்பர் 30இல் தானே, 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர், 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் என்று மூன்று புயல்கள் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இக்கரையோரத்தைத் தாக்கின.

ஆங்கிலேயர் காலத்தில் பயிர் அழிந்தால் உழவருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. ரயத்துவாரி முறையில் நிலவரியைத் தள்ளுபடி செய்வார்கள். அதற்கு 'வஜா' என்று பெயர். கதிர் சாவியாகப் போன நஞ்சைக்குக் கிடைத்தது சாவி வஜா. கர்ணம் எழுதிய கணக்கே அதற்கு ஆதாரம். பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆனால் அடங்கல் என்ற பதிவேடு இன்றும் இருக்கிறது. இன்றைய நிவாரணமும் அதையே நம்பியுள்ளது.

இப்போதைய உதவி பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் கீழ் அமைந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் இதன் பெரும்பகுதியான 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் அளிக்கின்றன. விதிகளில் இதன் பெயர் 'இடுபொருள் மானியம்'. பெயரிலேயே பொருள் இருக்கிறது. இழந்த விளைச்சலின் விலையை இது ஈடுசெய்வதில்லை. மறுபடி விதை, உரம் வாங்கக் கைகொடுப்பது மட்டுமே இதன் நோக்கம். பயிர் 33 விழுக்காடாவது சேதமடைந்திருக்க வேண்டும். 2015க்கு முன் இந்த வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. காப்பீடு செய்தவரா இல்லையா என்று இதில் பார்ப்பதில்லை.

காப்பீடு வேறு வகை. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கடன் பெற்ற உழவர் கட்டாயம் சேர வேண்டியிருந்தது; 2020 முதல் அது விருப்பமாயிற்று. பிரீமியம் கட்டாதவருக்கு நிவாரணத் தொகை ஒன்றே மிச்சம்.

பெஞ்சல் புயலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பெய்தது. தமிழக அரசு எக்டேருக்கு நெல்லுக்கு ரூ.17,000, மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500 அறிவித்தது. நெல்லுக்கு இது ஏக்கருக்கு ஏறத்தாழ ரூ.6,880 ஆகிறது. நிவர், புரெவி புயல்களுக்குப்பின் 2021 ஜனவரியில் நெல்லுக்கு ரூ.20,000 அறிவித்திருந்ததை நினைத்தால், 2024இன் தொகை குறைவுதான். எல்லைக்கு அப்பால் புதுச்சேரி அரசு எக்டேருக்கு ரூ.30,000 அறிவித்தது. அங்கும் இங்கும் பெய்தது ஒரே மழை. தொகை மட்டும் வேறு. முந்திரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விழுந்த மரத்துக்குப் பதில் நட்ட கன்று நல்ல காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும், நிவாரணமோ ஒருமுறைதான்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பது அடுத்த கேள்வி. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆயினும் வாய்மொழிக் குத்தகையே பரவலாக உள்ளது. அடங்கலில் பெயர் ஏறாவிட்டால், விதைத்தவர் ஒருவராகவும் தொகை பெறுபவர் வேறொருவராகவும் ஆகிவிடுகிறது. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவாலும் இதே தொல்லைதான்.

மரக்காணத்தின் உப்பு இந்த அட்டவணையிலேயே இல்லை. வேளாண்மை, கால்நடை, மீன்பிடி, கைத்தறி, கைவினை ஆகியவற்றுக்கு விதி உண்டு. பாத்தியில் விளையும் உப்பு மழையில் கரைந்தால் அது பயிர்ச்சேதம் ஆகாது. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால உதவியாக ரூ.5,000 வழங்கும் மாநிலத் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. புயல் வந்தாலும் வராவிட்டாலும், வேலையில்லாத அந்த மாதங்களுக்காகத் தரப்படும் தொகை அது.