சுவடி தேடியவர்களின் வரவும் செலவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தமிழ் நூல் என்றால் பெரும்பாலும் பனையோலைச் சுவடிதான். குருத்தோலையை நறுக்கி, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் வேகவைத்து, மறுபடி காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்து, ஒரே அளவில் வாரிக்கொண்ட பிறகே அது எழுதும் ஏடாகும். எழுத்தாணி கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளோ கோவையிலைச் சாறோ கரிப்பொடியோ கலந்து பூசித் துடைத்தால் கீறலில் கருமை நின்று எழுத்து விளங்கும். இதை மையாடுதல் என்றார்கள். துளையிட்டுக் கயிறு கோத்து, கயிற்றின் நுனியில் ஓலைத்துண்டைக் கிளிமூக்குப்போல நறுக்கிக் கட்டி, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து இறுக்கினால் சுவடி தயார்.

இத்தனை பாடுபட்டுச் செய்த சுவடிக்கும் ஆயுள் சில நூற்றாண்டுகள்தான். பூச்சியும் ஈரமும் சும்மா விடுவதில்லை. அதற்குள் யாராவது உட்கார்ந்து அதைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதும் கை நின்றுபோனால் நூலும் நின்றுபோகும். அச்சு வந்ததால் விளைந்த ஆபத்து இங்கேதான் இருந்தது. அச்சிட்ட புத்தகம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஏடு எழுதுவோர் குறைந்தார்கள். ஆகவே அச்சேறாத நூலுக்கு அடுத்த பிரதி கிடைக்கும் வாய்ப்பே அருகியது. வீட்டுப் பரணில் கிடந்த பழைய கட்டுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. நெல்லைச் சீமைக் கோயில் ஒன்றில் சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓம குண்டத்தில் இட்டுவிட்டதாகப் பின்னாளில் தேடிப்போனவர்களுக்குச் சொன்னார்கள். இதைச் செய்தவர்கள் நூலைப் பகைத்தவர்கள் அல்லர். பழுதான புனிதப் பொருளை நீரிலோ நெருப்பிலோ சேர்ப்பதே முறை என்று நம்பியவர்கள்.

திருக்குறளும் நாலடியாரும் 1812லேயே சென்னையில் அச்சாகிவிட்டன. இந்தியர் அச்சுக்கூடம் நடத்த இருந்த தடைகள் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கின. அதன் பிறகு அச்சுக்கூடங்கள் பெருகின. பஞ்சாங்கம், பள்ளிப் பாடநூல், கதைப்பாட்டு, அம்மானை, தோத்திரம் ஆகியவை விற்றன. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முந்தைய இலக்கணத்தையும் காப்பியத்தையும் விலை கொடுத்து வாங்கும் வாசகர் கூட்டம் உருவாகியிருக்கவில்லை. அவற்றை அச்சிட முனைந்தவர் வேறு வழியில் சம்பாதித்து இதில் போட வேண்டும்; இல்லையேல் ஆதீனத்தையும் சமீன்தாரையும் நாட வேண்டும். பழந்தமிழ் நூல்களின் பதிப்பு முதல் முக்கால் நூற்றாண்டு பெரும்பாலும் இவ்விரண்டு வழிகளில்தான் நடந்தது. அதில் இறங்கியவர்கள் எவரும் செல்வம் சேர்க்கும் எண்ணத்தோடு இறங்கவில்லை என்பதை அவர்களுடைய வாழ்க்கைக் கணக்கே காட்டுகிறது.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இவ்வரிசையில் முன்னவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் பாடசாலையில் ஆசிரியராக இருந்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலும் அவருக்கு உதவியவர். 1848இல் அந்த வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனபோது வழியில் திருவாவடுதுறை ஆதீனம் அளித்ததுதான் நாவலர் என்ற பட்டம். பின்னர் சென்னையிலும் அச்சுக்கூடம் வைத்தார். மணம் செய்துகொள்ளவில்லை, உத்தியோகம் தேடவில்லை. பரிமேலழகர் உரையோடு அவர் 1861இல் வெளியிட்ட திருக்குறள் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவால் வந்தது. பிழையற்ற பதிப்புக்கு நாவலர் பதிப்பு என்பதே அடையாளமாக நின்றது. வாக்கியத்தின் நடுவிலும் முடிவிலும் குறிகள் இட்டுத் தமிழ் உரைநடையை அச்சிடும் பழக்கம் பரவியதிலும் அவர் பங்கு பெரிது.

பிழையற்ற பதிப்பு என்பது எவ்வளவு கடினமான காரியம் என்பதை ஏட்டைப் பார்த்தால்தான் புரியும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. செய்யுளா உரையா என்று பிரித்துக் காட்டும் அடையாளமும் இல்லாமல் மூலமும் உரையும் மேற்கோளும் ஒரே ஓட்டமாக ஏட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். நடுவில் பூச்சி துளைத்த இடத்தில் நான்கு எழுத்து போயிருக்கும். எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைத் தாண்டியிருப்பார். ஒரு நூலுக்குப் பல ஊர்ப் பிரதிகளை வைத்து வரிக்கு வரி ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்து, எது ஆசிரியர் வாக்கு என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு சீரின் பொருள் தெரியாமல் மாதக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. இந்த வேலைக்குக் கூலி கொடுப்பவர் எவருமில்லை.

நாவலரை அடுத்து இதில் முழுமூச்சாக இறங்கியவர் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர். அந்தக் காலத்தில் அந்தப் பட்டம் எந்த உத்தியோகத்தின் கதவையும் திறக்கும். அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார். சட்டம் படித்துக் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இத்தனை வருவாயும் ஏடு தேடவும் அச்சிடவும் போயிற்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு 1868, வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887, சூளாமணி 1889 என்று அவருடைய பதிப்புகள் வந்தன. பகலில் வழக்குக் கட்டும் இரவில் ஏட்டுக் கட்டுமாக வாழ்ந்த மனிதர் அவர். தம் பதிப்புரைகளில் ஏடுகளின் நிலையையும் தம் பணமுடையையும் அவர் மறைக்காமல் எழுதினார். மொழிப்பற்று உடையவர்கள் தமிழ்நூல் அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்ற தவிப்பே அப்பதிப்புரைகளில் மேலோங்கி நிற்கிறது.

உ.வே. சாமிநாதையர் (1855–1942) இத்துறைக்கு வந்தது ஒரு சந்திப்பால். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர். பிள்ளையவர்கள் மாணவரிடம் கூலி வாங்கிக் கற்பித்தவர் அல்லர். வந்தவருக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்னார். 1876இல் கடனை வைத்துவிட்டே மறைந்தார். கற்றதை விற்பதில்லை என்ற அந்த மரபில்தான் ஐயர் வளர்ந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அவர் முயற்சியால் அந்தப் பதவி ஐயருக்குக் கிடைத்தது. சம்பளம் 50 ரூபாய்.

அதே ஆண்டு அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க ஐயர் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் கற்றவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் ஒரு வியப்பும் தோன்றவில்லை. இவற்றுக்கு முந்தைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா, மணிமேகலை தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டபோது இருபத்தைந்து வயது ஆசிரியரிடம் பதில் இல்லை. முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார். ஐயர் வாழ்க்கையின் திசை அன்று மாறியது.

சீவக சிந்தாமணி திருத்தக்க தேவர் இயற்றிய சமண காப்பியம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள். அவற்றுக்கு நச்சினார்க்கினியர் உரை. சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுக்கொண்டார். சைவ மடத்தில் வளர்ந்த பிராமணர் ஒருவர் சமணரை ஆசானாகக் கொண்டு உட்கார்ந்ததை அந்தக் காலத்தை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டும் அடிகளைத் துருவிக்கொண்டு போனபோதுதான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. ஒரு நூலுக்காகத் தொடங்கிய தேடல் இப்படி ஓர் இலக்கியத் தொகுதியையே எட்டியது.

அச்சுக்குப் பணம் திரட்டக் கையொப்பம் வாங்குவது அன்றைய முறை. இன்ன நூல் வரப்போகிறது, இன்ன விலை, வாங்கிக்கொள்கிறேன் என்று நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்திடுவார்கள். சிலர் முன்பணமும் தருவார்கள். கையெழுத்திட்ட எல்லோரும் பணம் கொடுத்துவிடுவதில்லை. கல்லூரி விடுமுறைதோறும் சென்னைக்குப் போய், அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து புரூப் திருத்தி, காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் கடன் சொல்லி, ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1887இல் சிந்தாமணி வெளிவந்தது.

அதற்கு முன்பே ஒரு சோதனை வந்தது. கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த தாமோதரம்பிள்ளை ஐயரைத் தேடி வந்து, சிந்தாமணியைத் தாமே பதிப்பிப்பதாகவும் திருத்திய பிரதியைத் தரும்படியும் கேட்டார். அனுபவமும் வசதியும் உள்ளவர்; தந்துவிட்டால் ஐயருக்குப் பணக்கவலை இல்லை. மனம் தடுமாறிய ஐயர் முடிவில் தர மறுத்தார். தமிழுக்கு உழைத்த இரு பெரியவர்கள் ஒரு நூலுக்காகப் போட்டியிட்ட இச்செய்தியைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. அது சரியன்று. நட்டமே தரும் என்று இருவருக்கும் தெரிந்த பாரத்தைச் சுமக்கத்தான் இருவரும் முந்தினார்கள்.

1889இல் வந்த பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு ஐயரை மிகவும் அலைக்கழித்தது. கபிலர் அதில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொல்கிறார். கிடைத்த ஏடுகளில் சில பெயர்கள் இருக்க வேண்டிய இடம் சிதைந்திருந்தது. யாப்பு அறிந்த புலவருக்கு அந்த இடத்தில் பொருத்தமான மூன்று பூக்களின் பெயரைப் போட்டு நிரப்புவது ஒரு நாழிகை வேலை; படிப்பவர் எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஐயர் அதைச் செய்யவில்லை. தருமபுரம் ஆதீனத்துக்குப் போய் அங்கிருந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். விடுபட்ட மலர்ப்பெயர்கள் அங்கே ஓர் ஏட்டில் இருந்தன. உதிர்ந்த பூக்கள் கிடைத்த மகிழ்ச்சியைப் பல ஆண்டுகள் கழித்தும் அவர் நினைத்து நினைத்து எழுதினார்.

கிடைக்காதவை கிடைக்காதவையாகவே அச்சிடப்பட்டன. சிலப்பதிகாரம் 1892இல் வந்தது; 1894இல் வந்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. 1903இல் வந்த ஐங்குறுநூற்றில் இரண்டு பாடல்கள் இல்லை. 1904இல் வந்த பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. 1918இல் வந்த பரிபாடலில் எழுபதுக்கு இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்தன. சிதைந்த அடிகளில் புள்ளியிட்டு இடம் விடப்பட்டது. இன்று சங்க நூல்களின் பாடத்தை நம்பி ஆராய்வதற்கு அந்தப் புள்ளிகளே அடித்தளம். இடையில் 1898இல் வந்த மணிமேகலைக்குப் பௌத்தம் கற்க வேண்டியிருந்தது. கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் பௌத்த நூல்களைப் படித்து விளக்கி உதவினார்.

ஐயருக்குப் பிற்காலத்தில் பெருமைகள் வந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தமக்கு வேலை வாங்கிக் கொடுத்த செட்டியார் நினைவாகத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். நூல்கள் விற்று வந்த பணம் அடுத்த நூலுக்கும், ஏடெழுதவும் ஒப்புநோக்கவும் உதவியவர்களுக்கும் செலவாயிற்று. குறுந்தொகையை 1937இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 82.

புகழ் அவ்வளவாகச் சேராத பெயர்களும் உண்டு. பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியர். நற்றிணையை ஏடுகளிலிருந்து எடுத்துத் தாமே உரையும் எழுதி அச்சுக்குக் கொடுத்தார். புத்தகம் வெளிவருவதற்குள் 1914இல் காலமானார். சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் புராணம், இலக்கியம், சமயம், வழக்காறு எல்லாவற்றிலிருந்தும் பெயர்களையும் பொருள்களையும் திரட்டித் தனியொருவராக அபிதான சிந்தாமணி என்ற கலைக்களஞ்சியத்தை எழுதினார். அச்சிட உதவி கேட்டுப் பல இடம் ஏறி இறங்கியும் பயனில்லை. கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910இல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலாக அது வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. புதிய செய்திகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார், 1931இல் இறந்தார், பெருகிய இரண்டாம் பதிப்பு 1934இல்தான் வெளிவந்தது.

சைவ சித்தாந்த மகா சமாசம் எஸ். வையாபுரிப் பிள்ளையைக் கொண்டு 1940இல் பாட்டும் தொகையும் முழுவதையும் சங்க இலக்கியம் என்ற பெயரில் ஒருசேர வெளியிட்டது. அதற்குள் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் தனித்தனியே அச்சேறியிருந்தன. சங்க நூல் தேடி ஊர் ஊராகப் போகும் காலம் ஏறத்தாழ முடிந்தது. ஐயர் 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் காலமானார். மறு ஆண்டு, அவர் திரட்டிய சுவடிகளையும் புத்தகங்களையும் குறிப்பேடுகளையும் கொண்டு அவர் பெயரில் ஒரு நூல்நிலையம் தொடங்கப்பட்டது. அது இப்போது சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. திருவல்லிக்கேணி வீடு 2012இல் இடிக்கப்பட்டது.