பால்மரம் இலை உதிர்க்கும் காலமும் நம் கொல்லைப் பாத்தியும்

தைப்பூசக் காவடிகள் ஓய்ந்து மாசி பிறக்கும் நாள்களில், நம் மம்பாவ் வட்டாரத்தில் நிற்கும் ரப்பர் மரங்களைச் சற்று அண்ணாந்து பாருங்கள். இலைகள் செம்மஞ்சளாகிச் சிவந்து உதிரும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடும், பின்னர் பூக்கும். குளிர்நாட்டு மக்கள் வசந்தம் என்று கொண்டாடும் பருவம் நமக்கு இல்லை. ஆனால் நமக்கும் ஒரு தளிர்க்காலம் உண்டு. அதை நமக்குக் காட்டுவது பால்மரமே.

இம்மரம் இந்நாட்டு மரமன்று. 1876ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்ஹாம் என்பவர் ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் மிகச் சிலவே முளைத்தன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 நாற்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. மண் மாறியும் மரம் தன் பிறந்த மண்ணின் பழக்கத்தை விடவில்லை. மழை குறையும் மாதங்களில் இன்றும் இலை உதிர்க்கிறது.

மரத்தின் பின்னே கடல் கடந்து வந்த நம் முன்னோரின் நிலை வேறு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு கொண்டுவந்தார்கள். ஆனால் இங்கே மழை வேறு கணக்கில் பெய்கிறது. தை, மாசியில் மழை குறைவு. சித்திரையை ஒட்டி மழை கூடும், ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் கூடும். ஆகவே விதைக்கும் நாளை நாம் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது மரத்தில் பால் குறையும். பால் எடைக்கேற்பக் கூலி வாங்கிய குடும்பத்திற்கு அது கைச்சுருக்கமான காலம். அந்நாளில் அடுப்பெரியக் கைகொடுத்தது லயத்துக் கொல்லையில் இருந்த பாத்திதான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் ஒவ்வோர் இந்தியத் தொழிலாளிக்கும் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு என்ற அளவில் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. சிறிய இடந்தான், ஆனாலும் அதன் அருமை பஞ்சத்தில் தெரிந்தது.

1930ஐ ஒட்டி ரப்பர் விலை சரிந்தபோது, வேலையிழந்து தமிழகம் திரும்பியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போயிற்று. பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவேயில்லை. வீட்டில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் உண்டு உயிர் பிடித்தார்கள். மரவள்ளியில் நஞ்சுண்டு, தோலுரித்து நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும் என்ற அறிவும் அவர்களைக் காத்தது. பின்னர் 1974இல் துன் அப்துல் ரசாக் அரசு பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக் கொல்லையிலும் பயிரிடுங்கள் என்று நாடு முழுவதற்கும் சொல்லியது. அதை நம் பாட்டிமார் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள்.

இப்பருவத்தில் நாம் செய்ய வேண்டியவை என்ன? மழை குறைந்திருக்கும்போதே களை பிடுங்கி மண்ணைக் கொத்திவிடுவோம். சரிவான இடத்தில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போட்டால் மழை மண்ணை அடித்துச் செல்லாது. உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் சாணத்தோடு குழியில் மக்க வைப்போம். முற்றிய வெண்டை, அவரை, புடலை விதைகளை நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைப்போம். பாகலுக்கும் பீர்க்குக்கும் பந்தல் கட்டுவோம். முதல் நல்ல மழை விழுந்ததும் முருங்கைக் கிளையையும் மரவள்ளித் தண்டையும் நடுவோம்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பாத்தியில் உழைத்தவர்கள் நாம். நிலம் நம் பெயரில் இருந்ததில்லை. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையோடும் வீட்டோடும் கொல்லையும் போயிற்று. அந்த வேதனையிலிருந்துதான் துன் சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது; பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். நிலம் போனாலும் பாத்தி போடும் கைப்பழக்கம் போய்விடக் கூடாது. வாளியில் மண் நிரப்பியேனும் ஒரு வெண்டை விதையை நம் பிள்ளைகள் கையால் ஊன்றச் செய்வோம். பஞ்சத்தைத் தாண்டி நம் குடும்பங்கள் நிலைத்த கதையையும் அப்போதே சொல்லிவைப்போம்.