ஓல்ட்ஸ்மொபைல் டீசல்: பத்து போல்ட்டுகளின் கதை

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கர்கள் அதிக மைலேஜ் தரும் கார்களைத் தேடினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1978 மாடல் கார்களில் 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபைல் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது.

டீசல் எஞ்சினில் அழுத்தம் மிக அதிகம். அதற்காக எஞ்சின் பிளாக்கை வலுவாக்கியவர்கள், ஹெட்டுக்குப் பத்து போல்ட்டுகள் என்ற பெட்ரோல் எஞ்சின் அமைப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். நாளடைவில் போல்ட்டுகள் நீண்டன, கேஸ்கட் போனது, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியது.

பல மெக்கானிக்குகள் கேஸ்கட்டை மட்டும் மாற்றி, நீண்டுபோன பழைய போல்ட்டுகளையே திரும்ப முறுக்கினார்கள். அதே பழுது மறுபடியும் வந்தது. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் இல்லாததால் இன்ஜெக்‌ஷன் பம்ப் துருப்பிடித்தது.

1985-உடன் இந்த எஞ்சின் நின்றது. புது போல்ட்டும் ஒரு வடிகட்டியும் தீர்த்திருக்கக்கூடிய பழுதுகளால், டீசல் கார் என்றாலே அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் தயங்கினார்கள்.