தொப்புளைச் சுத்தி 14 ஊசியும் செம்மறியாடும்

சேந்தமங்கலம் பக்கத்துல இருந்து நாய்க்கடிக்கு வந்த பெரியவர். ரெண்டு நாள் லேட். ஏன்யா? "தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னாங்க சார், பயந்துட்டேன்."

அந்த ஊசி நிஜமாவே இருந்துச்சு. டேவிட் செம்பிள் 1911ல் கசௌலியில் உருவாக்கிய முறை. செம்மறியாட்டு மூளையில் ரேபிஸ் கிருமியை வளர்த்து, ஆட்டைக் கொன்று, மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைச் சாகடிப்பாங்க. 1907ல் தொடங்கிய நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல காலம் தயாரிச்சது இதைத்தான். மூளைத் திசுவும் சேர்ந்தே உடம்புக்குள்ள போறதால, சிலருக்கு நரம்பு பாதிச்சு கைகால் விழுந்துடும்.

ஆட்டைக் காப்பாத்தினது ஒரு குரங்கு! 1962ல் ஜப்பானில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த வீரோ செல்கள் இன்னைக்கும் ஆய்வகங்கள்ல பெருகிட்டே இருக்கு. அதுல கிருமியை வளர்த்தா ஆடு வேண்டாம். (தரம் பார்க்க மட்டும் இன்னும் சுண்டெலி வேணும்.)

மூளைத் திசு மருந்தைக் கைவிடும் போக்கை உலக சுகாதார நிறுவனம் 1984லேயே ஆதரிச்சது. நாம நிறுத்தினது 2004 முடிவில். விலை குறைவுன்னு இருபது வருஷம் ஓட்டினோம். ஆடும் செத்துச்சு, மனுஷனும் முடங்கினான். எனக்கு இது ஆறவே மாட்டேங்குது.

பெரியவருக்கு ரெண்டு தோள்லயும் தோலுக்குள்ளேயே சின்னதா ஒரு குத்து. "அவ்ளோதானா?"ன்னார். மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் வரணும்னு சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கேன்.