ஊர்காவற்றுறைக்கு வந்த ஹீலியோஸ்

நான் அறியத் தீவுப்பகுதிக்குக் கமரா கடைவழியாக வந்ததைவிட ஆட்களின் பெட்டிக்குள் வந்ததே அதிகம். மலாயா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் வேலைசெய்தவர்கள் ஜப்பான் கமராக்களோடு வந்தார்கள். பிறகு புலமைப்பரிசிலில் சோவியத் யூனியனுக்குப் போன பிள்ளைகளின் காலம். அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் மாமா, அப்படிப் போனவர். 1960இல் மொஸ்கோவில் தொடங்கி அடுத்த ஆண்டே லுமும்பாவின் பெயரைப் பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் ஊர்காவற்றுறைக்குத் திரும்பியபோது அவர் தோளில் ஒரு ஸெனிட்-ஈ தொங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, கொழும்பிலேயே நல்ல கமரா வாங்குவது பெரும்பாடாக இருந்த காலம் அது.

அந்தக் கமரா இப்போது ஓடாது. அதில் திருகியிருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸ் என்னுடைய டிஜிற்றல் கமராவில் இன்றும் வேலைசெய்கிறது.

ரஷ்யாவில் செய்யப்பட்டாலும் அந்த லென்ஸின் பூர்வீகம் ஜெர்மனியின் யேனா நகரம். அங்கே கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் 1930களில் உருவான பயோற்றார் 58 மி.மீ. லென்ஸ்தான் அதன் தாய். 1945இல் யேனாவுக்குள் முதலில் புகுந்த அமெரிக்கப் படை, ஸைஸின் முக்கியமான ஆட்களைத் தன்னோடு மேற்கே கூட்டிச்சென்றது. பின்னால் வந்த சோவியத் படை போர் இழப்பீடென்று இயந்திரங்களையும் நிபுணர்களையும் கிழக்கே கொண்டுபோனது. பயோற்றாரின் வடிவம் மொஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஹீலியோஸ் ஆயிற்று. இலட்சக்கணக்கில் செய்து மலிவாக விற்றார்கள். ஒரு மாணவனின் உதவித்தொகைக்குள் அது அடங்கியதற்குக் காரணம் அதுதான்.

ஸெனிட்-ஈயின் பெருமை அதன் எளிமை. ஷட்டர் முழுக்க இயந்திரம். ஒளி அளப்பதற்கு முகப்பில் ஒரு செலீனியம் தகடு. வெளிச்சம் பட்டாலே ஊசி நகரும். பற்றரியே தேவையில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அந்த ஆண்டு ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியபோது நாங்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். அம்மம்மாவின் கலியாணப்படம், அப்புவின் செத்தவீட்டில் பிரேதத்தைச் சுற்றி நின்று எடுத்த படம், மலாயாவில் இருந்து வந்த படங்கள் எல்லாம் அலுமாரியோடு போயின. கமரா மாமாவின் தோளில் இருந்ததால் தப்பியது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே பெயர்ந்தபோதும் அதைத் தூக்கிக்கொண்டுதான் தென்மராட்சிக்கு நடந்தார். தீவாரில் எத்தனையோ குடும்பங்களுக்கு 1990க்கு முந்திய முகங்கள் இல்லை. அந்த இழப்பைப் பற்றி நாங்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

பிலிம் ஓய்ந்து டிஜிற்றல் வந்தபோது இந்த லென்ஸுகள் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்டன. அதற்குக் காரணம் அளவுதான். எஸ்.எல்.ஆர். கமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையில் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அதற்கு இடம் விடவேண்டும். ஹீலியோஸின் 42 மி.மீ. திருகு முறையில், லென்ஸின் அடியில் இருந்து பிலிம்வரை 45.46 மி.மீ. தூரம். நிக்கோனில் அது 46.5. ஆகவே நிக்கோன் டிஜிற்றலில் ஹீலியோஸைப் பூட்டினால் தூரத்துக் காட்சி தெளியாது. கனோனின் இ.ஓ.எஸ். கமராவில் 44 மி.மீ. என்பதால் ஒரு மெல்லிய வளையத்தோடு ஒருவாறு பொருந்தியது. உண்மையான கதவு திறந்தது 2008இல் பனசொனிக்கின் முதல் மிரர்லெஸ் கமரா வந்தபோது. 2010இல் சோனியும் அந்த வழிக்கு வந்தது. ஆடும் கண்ணாடியே இல்லாததால் சோனியில் அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ. மிச்சமுள்ள இடத்தை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். அதற்குள் கண்ணாடியும் இல்லை, மின்கம்பியும் இல்லை. அதற்கு அடாப்டர் என்று பெயர், விலையும் அதிகமில்லை.

மாமா இறந்தபின் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கைவிளக்கை ஒருபக்கம் பிடித்து மறுபக்கத்தால் பார்த்தால் பின் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் மூடிவைத்த லென்ஸுக்கு வரும் வருத்தம் இது. உள்ளே பூசிய கிறீஸ் இறுகி, வளையம் அசைய மறுத்தது. யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவர் பிரித்துத் துடைத்துத் தந்தார். "உதை வைச்சு என்ன செய்யப்போறாய் தம்பி?" என்று கேட்டவர், எட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வட்டமாக மூடுவதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சநேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். முன்வளையத்தில் எவ்வளவு மூடவேண்டும் என்று குறித்துவைத்து, பின்வளையத்தைச் சுழற்றினால் அந்த எல்லைவரை வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். கண்ணும் விரலும்தான் வேலைசெய்யவேண்டும்.

முழுக்கத் திறந்தால் பின்னணி இலைகள் சுழல்வதுபோல விழும் என்று உலகமெங்கும் இந்த லென்ஸைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆசையில்லை. நெடுந்தீவின் கல்வேலிகளை மத்தியான வெயிலில் புதிய லென்ஸால் எடுத்தால் பவளக்கல் வெளிறிப்போகும், நிழல் கரியாகும். பழைய கண்ணாடியின் மெல்லிய பூச்சு வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே சிதறவிடும். நிழலுக்குள்ளும் கல்லின் துளைகள் தெரியும். எங்கள் வெயிலுக்கு அது நல்ல துணை.

அண்ணா எண்பதுகளின் தொடக்கத்தில் ஏரோஃப்ளொட்டில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, நிலக்கீழ் ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போனவர். 1985இல் கிழக்கு ஜெர்மனி விசா இல்லாத தமிழருக்கு அந்த வழியை அடைக்கும்வரை எத்தனையோ பேர் அப்படித்தான் போனார்கள். அவர் இப்போது பெர்லின் பழம்பொருள் சந்தையில் வாங்கி அனுப்பிய யேனா பன்கொலர் 50 மி.மீ. லென்ஸ் என்னிடம் இருக்கிறது. அவர் பயந்து பயந்து கடந்த நாட்டில் செய்த லென்ஸ். ஹீலியோஸும் அதே ஊரின் வம்சம். நயினாதீவுத் திருவிழாவுக்கு இரண்டையும் கொண்டுபோவேன்.

கப்பற்காரர் வீடுகளில் அசாகியின் தக்குமார் லென்ஸுகள் கிடக்கலாம். 50 மி.மீ. எஃப் 1.4 மஞ்சளாகிப் போயிருந்தால் பழுதென்று எறியாதீர்கள். கண்ணாடியில் சேர்த்த தோரியத்தால் வந்த நிறம் அது. சில நாட்கள் வெயிலில் வைத்தால் தெளியும். இரட்டைலென்ஸ் றோலி, யஷிக்கா கமராக்களின் லென்ஸைக் கழற்றிப் பூட்ட முடியாது. அவற்றைக் கமராவாகவே வைத்திருங்கள்.

பழைய ஸ்ரூடியோக்காரரின் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபின் ஊரில் அநேகமாக ஒவ்வொருவரும் உங்கள் அப்பாமாரின் கமராவுக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அந்த நெகட்டிவுகள் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ளாவது மிஞ்சியிருந்தால், படம் பெருப்பிக்கும் என்லாஜரில் உள்ள லென்ஸைக் கழற்றுங்கள். அதன் திருகு பெரும்பாலும் 39 மி.மீ.; தட்டையான பிலிமை மூலைவரை தெளிவாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. அதைத் துருத்தியோடு டிஜிற்றல் கமராவில் பூட்டி, நெகட்டிவுக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம் வைத்துப் படமெடுத்தால் முகங்கள் திரும்பக் கிடைக்கும். 2005இல் இருந்து எங்கள் நூல்களையும் ஆவணங்களையும் சேமித்துவரும் நூலகம் திட்டத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். கமரா இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.