ஒரு வீட்டுக்கு எத்தனை சைக்கிள்?

சைக்கிள் ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகம் முழுவதும் சொல்லிச் சிரிக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒருவருக்கு எத்தனை சைக்கிள் தேவை? இப்போது இருப்பதைவிட ஒன்று கூடுதலாக! தார்ச்சாலையில் வேகமாகப் போக ஒன்று, மலைப்பாதைக்கு ஒன்று, நெடுந்தூரப் பயணத்துக்கு ஒன்று, கடைத்தெருவுக்கு ஒன்று. பெங்களூருவில் இப்படி மூன்று, நான்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே உள்ள ஓசூர்ப் பக்கத்தில் நெடுங்காலம் கேள்வியே வேறாக இருந்தது. ஒரே சைக்கிளை எத்தனை வேலைக்குப் பயன்படுத்தலாம்?

அந்த ஒரே சைக்கிள்தான் ரோட்ஸ்டர். வெள்ளைக்காரர் காலத்தில் ராலே, ஹம்பர், பிஎஸ்ஏ என்று கப்பலில் வந்து இறங்கியது. 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, சென்னைக்கு அருகே அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் தயாரானது. 28 அங்குலச் சக்கரம், செயின் கவர், கனத்த கேரியர், ஒரே கியர், ஏறக்குறைய 20 கிலோ எடை. பால் கேன், தக்காளிக் கூடை, தீவன மூட்டை எல்லாம் அதில்தான். திருவிழாவுக்குப் போகும்போது பின்னால் மனைவி, முன் பாரில் குழந்தை.

ஆனால் இந்தப் பகுதியின் நிலம் ஒற்றைக் கியருக்கு ஏற்றதல்ல. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 50 கி.மீ. தள்ளியுள்ள கிருஷ்ணகிரியோ அதைவிட ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு. போகும்போது சுகம், திரும்பும்போது மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்! கியர் சைக்கிளின் பயனை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருந்தும் அது வரவில்லை. ஒரு சைக்கிள் வாங்கவே பணம் சேர்க்க வேண்டியிருந்த வீட்டில் மேட்டுக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என்று யார் வாங்குவார்கள்?

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவை வாடகை சைக்கிள் கடைகள். பெரிய சைக்கிள், பெண்கள் சைக்கிள், சிறுவர்களுக்கான குட்டி சைக்கிள் எல்லாம் மணிக்கணக்கில் கிடைத்தன. பலவகை சைக்கிள் என்பது அன்று ஒரு தெருவுக்கே பொதுச்சொத்து போல இருந்தது.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் இங்கிருந்துதான் டிவிஎஸ் 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய, பெடலும் உள்ள மொபெட் அது. சைக்கிள் சுமந்த பால் கேனும் மூட்டையும் மெல்ல அதற்கு மாறின. சுமை இறங்கியதால், வீட்டு சைக்கிள் மற்றவர்கள் கைக்குப் போக வழி பிறந்தது.

இந்த மாற்றத்தின் பெரிய அத்தியாயம் ஓசூரில் எழுதப்படவில்லை, புதுக்கோட்டையில் எழுதப்பட்டது. அங்கே 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள் என்பதுதான் சுவாரசியம். காரணம், அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். எந்த சைக்கிள் யாருக்கு என்பதைக் கடைக்காரரின் பெயர்ப்பலகை முடிவு செய்யவில்லை, வேலை முடிவு செய்தது.

பிறகு அரசே சைக்கிள் கொடுத்தது. 2001-02-ல் 11-ம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06-ல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11-ம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. தளி, சூளகிரி, இராயக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்கு இரண்டாவது சைக்கிள் இப்படித்தான் வந்தது. அது அப்பாவுடையது அல்ல, அண்ணனுடையதும் அல்ல, மகளுடையது!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970களில் இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மாற்றியமைத்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். அதிலிருந்து பிறந்தது மலை சைக்கிள். அதன் சாயல் 1990களில் நம் ஊருக்கு வந்தபோது டயர் மட்டும் தடித்திருந்தது, பெரும்பாலும் கியர் இல்லை. உண்மையான கியர் சைக்கிள்கள் பெருகியது பெங்களூருவின் கணினித் துறை வளர்ந்த பிறகுதான். 2008 டிசம்பரில் அங்கிருந்து முதல் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' பயணம் கிளம்பியது. 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கும் 'பிரவே' பயணங்களும் பிரபலமாயின.

நான்கு சைக்கிள் வைத்திருப்பவருக்கு இன்று எந்த சைக்கிள், எந்தச் சாலை, எந்த நேரம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து ஒரே சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையை அவர் கடந்தே ஆக வேண்டும். அந்தச் சாலையில் சைக்கிளுக்கென்று தனித்தடம் கிடையாது. பலவகை சைக்கிள்கள் வந்தது மகிழ்ச்சியே. ஆனால் ஒருவரிடம் எத்தனை சைக்கிள் இருக்கிறது என்பதைவிட, ஒரு வீட்டில் எத்தனை பேருக்குத் தனக்கென்று ஒரு சைக்கிளும் அதைப் பயமின்றி ஓட்ட ஒரு பாதையும் இருக்கிறது என்று எண்ணுவதே சரியான கணக்கு.