குருதி-விழித்திரைத் தடுப்பு

குருதி-விழித்திரைத் தடுப்பு என்பது குருதியில் உள்ள நீர், புரதம், கொழுப்பு ஆகியவை கட்டுப்பாடின்றி விழித்திரைக்குள் கசியாமல் காக்கும் அமைப்பாகும். நீரிழிவு நோயால் இத்தடுப்பு பழுதடையும்போது பார்வை பாதிக்கப்படுகிறது.

அமைப்பு

கண்ணுக்குள் இருவேறு குருதியோட்டங்கள் உள்ளன. கண்ணுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ 85 விழுக்காடு, விழித்திரைக்குப் பின்னுள்ள கோராய்டு படலத்தில் பாய்கிறது. விழித்திரையின் சொந்தக் குழாய்களில் பாய்வது சுமார் 5 விழுக்காடே. கோராய்டின் தந்துகிகளில் நுண்துளைகள் இருப்பதால் அவை இயல்பாகவே கசியும். விழித்திரைத் தந்துகிகளில் துளைகள் இல்லை. அவற்றின் சுவர் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துள்ளன. இது உட்தடுப்பு எனப்படும். கோராய்டில் கசியும் நீர்மம் விழித்திரையை அடையாதவாறு இடையிலுள்ள நிறமி மேலணி தடுக்கிறது. இது வெளித்தடுப்பு எனப்படும்.

பழுதடைதல்

குருதியில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், தந்துகிகளைத் தாங்கி நிற்கும் பெரிசைட்டு உயிரணுக்கள் அழிகின்றன. குழாய்ச்சுவர் ஆங்காங்கே புடைக்கிறது. சில தந்துகிகள் அடைபடுகின்றன. உயிர்வளி குறைந்த பகுதி வி.இ.ஜி.எப். என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. இப்புரதம் உயிரணுப் பிணைப்புகளைத் தளர்த்துவதால் கசிவு ஏற்படுகிறது. கூர்ந்த பார்வைக்குரிய மாக்குலாவில் நீர் தேங்கினால் அப்பகுதி வீங்கிப் பார்வை மங்கும்.

கண்டறிதல்

1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான ஹரோல்டு நோவாட்னி, டேவிட் ஆல்விசு ஆகியோர் புளோரசீன் சாயப் படமுறையை வெளியிட்டனர். கைச் சிரையில் செலுத்தப்படும் சாயம் சுமார் 10 முதல் 15 நொடிகளில் கண்ணை அடைகிறது. நலமான விழித்திரைக் குழாய்களில் சாயம் வெளியேறாது. எனவே, அது பரவித் தெரியும் இடத்தில் தடுப்பு பழுதடைந்துள்ளதை அறியலாம். தற்காலத்தில் வீக்கத்தை அளவிட, ஊசியின்றி எடுக்கப்படும் ஓ.சி.டி. படமும் பயன்படுகிறது.

தமிழ்நாட்டில்

சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வு (2009), நகரில் வாழும் நீரிழிவு நோயாளிகளுள் 18 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருப்பதைக் காட்டியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா உள்ளிட்டவற்றின் விழித்திரைப் படங்களைக் கொண்டு, இந்நோயைக் கணினியே கண்டறியும் முறையை 2016 இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

சிகிச்சை

வி.இ.ஜி.எப். புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்தப்படுகின்றன. லேசர் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. இவை கசிவைக் குறைத்தாலும், இழந்த பார்வை முழுவதும் மீளும் என்று உறுதி கூற இயலாது. தொடக்கநிலைக் கசிவில் வலியோ மங்கலோ தோன்றுவதில்லை. ஆகவே, பார்வை நன்றாக இருப்பினும் நீரிழிவு உடையோர் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள அறிவுறுத்தப்படுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

நீரிழிவு நோய்
விழித்திரை
குருதி-மூளைத் தடுப்பு